பட்டர்வொர்த் மாமாவின் ஜப்பான் வாட்ச்

பாயான் லெப்பாஸ்

பினாங்கில் விடிய ஏழு மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. நாகப்பட்டினத்தில் ஆறு மணிக்கெல்லாம் மீன்காரர் குரல் கேட்டு எழுந்து பழகியவனுக்கு, ஆறே முக்காலுக்கும் தெருவிளக்கு எரிவதைப் பார்த்தால் கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கடிகாரம் சரிதான். ஊர்தான் சூரியனை முந்தி ஓடுகிறது. இந்தத் தீவு இருக்கும் தீர்க்கரேகைக்கு கிரீன்விச்சைவிட ஆறே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரவேண்டும். மலேசியா வைத்திருப்பதோ எட்டு மணி நேரம். ஏழரை மணியாக இருந்த கணக்கை 1982 ஜனவரி 1 அன்று அரை மணி முன்னால் தள்ளினார்கள். அன்றிலிருந்து நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம்.

போன் தன் நேரத்தைத் தானே மாற்றிக்கொண்டுவிடும். கையில் கட்டியிருந்தது அப்பாவின் சீக்கோ ஃபைவ். நான்கு மணிக்கு நேராக உள்ளடங்கியிருக்கும் திருகை இழுத்து, முள்ளைச் சுற்றித்தான் வைக்கவேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் ரஜூலா கப்பலில் பினாங்கிலிருந்து நாகைத் துறைமுகத்தில் வந்திறங்கிய ஒருவரிடம் அப்பா வாங்கியது அது. எங்கள் கடற்கரையில், நாகூர் சபராளிகள் வீட்டிலும் சரி, மலேயா போய் வந்த மற்றவர்கள் வீட்டிலும் சரி, பெட்டியைத் திறந்தால் சேலை, கோடாலித் தைலத்தோடு ஒரு ஜப்பான் வாட்சும் இருக்கும். 'ஃபாரின் வாட்ச்' என்றால் பெரும்பாலும் சீக்கோ அல்லது சிட்டிசன்தான்.

இந்த முறை உறவுக் கல்யாணம் ஒன்றுக்காக வந்தேன். அதைவிட, ஒரு வாட்சைப் பார்க்க வந்தேன் என்பதே சரி. பட்டர்வொர்த்தில் இருக்கும் மாமா, அம்மா வழியில் தூரத்து உறவு, வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது ஒரு கிராண்ட் சீக்கோ வாங்கியிருந்தார். ஆடம்பர வாட்ச் என்றால் சுவிட்சர்லாந்து என்றே நினைக்கும் நம்மவர் நடுவில், அவர் ஏன் ஜப்பானுக்குப் போனார் என்று கேட்கவேண்டும் என்றிருந்தது.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள். 1972இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வளையம் இது. சிப்பும் மின்னணுப் பாகமும் செய்யும் இந்தக் கட்டடங்களுக்கும், பாலத்துக்கு அப்பால் பெருநிலப்பக்கத்தில் உள்ள பிறையில் இருப்பவற்றுக்கும், ரப்பர் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிய அதே 1982இல்தான் அப்போதைய பிரதமர் மகாதீர் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யைத் தொடங்கி, வேலை பழக இளைஞர்களை ஜப்பானுக்கு அனுப்பினார். மாமாவும் அப்படிப் போனவர்.

மணிக்கூண்டு

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் கோட்டைக்கு அருகே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. விக்டோரியா மகாராணி பட்டமேறி அறுபது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட, சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் தன் செலவில் கட்டிக்கொடுத்தது. ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரம். வேலை முடிந்தது 1902இல். அதற்கு முந்தைய ஆண்டே ராணி இறந்துவிட்டார். வெள்ளைச் சுவர், உச்சியில் சின்னக் கும்மட்டம், நான்கு பக்கமும் கடிகார முகம். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கோபுரம் லேசாகச் சாய்ந்திருப்பது தெரியும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் விமானங்கள் போட்ட குண்டின் வேலை.

1941 டிசம்பர் 19 அன்று ஜப்பான் படை இந்தத் தீவைப் பிடித்தது. பிறகு கடிகாரத்தையும் மாற்றியது. மலாயா முழுவதும் டோக்கியோ நேரம். ஏழரையாக இருந்தது ஒன்பதாயிற்று. ஜனவரி, பிப்ரவரியில் கடிகாரம் எட்டரையைத் தொடும்போதுதான் சூரியன் எழுந்தது. மூன்றரை ஆண்டு இந்த மக்கள் வேறொரு ஊரின் நேரத்தில் வாழ்ந்தார்கள். அந்நாட்களில் தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சிப்பாய்கள் கைக்கடிகாரத்தையும் பேனாவையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மலேசியாவின் முதியவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிடுங்கியவை பெரும்பாலும் சுவிஸ் வாட்சுகள்.

அந்தக் காலத்திலேயே ஜப்பானுக்குச் சொந்தக் கடிகாரத் தொழில் இருந்தது. 1881இல் ஹத்தோரி கிந்தாரோ என்ற இளைஞர் டோக்கியோவில் கடை போட்டார். 1892இல் தொழிற்சாலை, 1913இல் அந்நாட்டின் முதல் கைக்கடிகாரம், 1924இல் சீக்கோ என்ற பெயர். கின்சாவில் அவர் நிறுவனம் கட்டிய மணிக்கூண்டுக் கட்டடம் 1932இல் எழுந்தது. அது குண்டுவீச்சுக்குத் தப்பி இன்றும் நேராக நிற்கிறது. சாய்ந்து நிற்பது பினாங்கின் மணிக்கூண்டு. இந்த வரலாற்றைத் தாண்டித்தான் ஒரு மலேசியத் தமிழர் ஜப்பான் வாட்சைக் கையில் கட்டவேண்டியிருக்கிறது. அதை மறந்துவிட்டு, அந்த வாட்சின் பளபளப்பை மட்டும் என்னால் எழுத முடியாது.

பாசார் தெரு

காலையில் பசியாற லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். 'பசியாறிட்டீங்களா?' என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். நம் ஊரில் 'டிபன் ஆச்சா?' என்று கேட்பதைவிட இது காதுக்கு இதமாக இருக்கிறது. ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, நுரை ததும்பும் தே தாரிக். பக்கத்தில் குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். கொஞ்சம் நடந்தால் சூலியா தெருவில் நாகூர் தர்கா. எங்கள் ஊர் ஆண்டவருக்கு இங்கேயும் ஓர் இடம் இருப்பதைப் பார்த்ததும் வீட்டு நினைவு வந்துவிட்டது.

அஞ்சடி எனப்படும் மூடுநடையில், ஒரு துணிக்கடை ஓரத்தில், ஒற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சீனப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். வாட்ச் ரிப்பேர். தமிழ்க் கடைகளுக்கு நடுவில் இத்தனை காலம் இருந்ததில் அவருக்குத் தமிழ் வருகிறது. என் கையைப் பார்த்ததும் 'நல்ல சாமான், கொடுங்க' என்றார்.

பின்மூடியைத் திருகி எடுத்தார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, அரைவட்டத் தகடு ஒன்றைக் கழற்றி ஓரமாக வைத்தார். கையை அசைக்கும்போதெல்லாம் சுற்றி வாட்சுக்குச் சாவி கொடுக்கும் தகடு அது. அதன் அடியில் கவட்டை போல் இரண்டு விரல் நீட்டிய ஒரு மெல்லிய தகடு. 'இதுதான் மேஜிக் லீவர்' என்று இடுக்கி முனையால் காட்டினார். அரைவட்டத் தகடு வலப்பக்கம் சுற்றினால் ஒரு விரல் பல்சக்கரத்தைத் தள்ளும், இடப்பக்கம் சுற்றினால் மற்றது இழுக்கும். எப்படி அசைத்தாலும் சாவி ஏறும். 1959இல் சீக்கோ செய்த இந்தச் சின்ன ஏற்பாடு மலிவானது, உறுதியானது. 1963இல் வந்த சீக்கோ ஃபைவ் உலகமெல்லாம் பரவியதற்கு இது பெரிய காரணம். தோட்டத்துத் தொழிலாளியும் துபாய்க் கொத்தனாரும் தானாகச் சாவி ஏறும் வாட்ச் கட்ட முடிந்தது இதனால்தான். வளைகுடாவிலிருந்து நம் ஊருக்கு வந்த சீக்கோக்களில் கிழமை அரபியிலும் ஓடும். அதை அப்படியே கட்டிக்கொண்டு திரிந்த பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

டயலின் ஓரத்தில் படர்ந்திருந்த பழுப்புப் புள்ளிகளைக் காட்டி, 'இங்கே காத்துல தண்ணி, தம்பி. வாட்சுக்கு எதிரி அதான்' என்றார். பெட்டிக்குள் இருந்த இன்னொரு சீக்கோவை எடுத்துத் திருப்பினார். மூடியில் 'மலேசியா' என்று பொறித்திருந்தது. இந்த நாட்டிலேயே சீக்கோவின் இயந்திரங்கள் செய்கிறார்கள். ஜப்பானில் செய்தது என்று போட்ட அதே மாடலுக்கு வாங்குகிறவர்கள் கூடக் கொடுக்கிறார்கள். 'உள்ளே ஒண்ணுதான்' என்பது அவர் தீர்ப்பு.

கிராண்ட் சீக்கோ பார்த்ததுண்டா என்று கேட்டேன். பழையதைத் திறந்திருக்கிறாராம், புதியதைத் தொடுவதில்லையாம். 'அந்த முள்ளுல ஒரு கீறல் விழுந்தா நான் என்ன பண்றது? அது கம்பெனிக்குத்தான் போகணும்.' அவர் கண்ணில் பயத்தைவிட மரியாதைதான் தெரிந்தது.

அந்த மரியாதைக்குக் காரணம் உண்டு. 1960இல் முதல் கிராண்ட் சீக்கோ வந்தது, சுவிஸ் வாட்சுக்கு நிகராக ஒன்றைச் செய்தே தீரவேண்டும் என்ற பிடிவாதத்தில். 1967இல் வந்த 44ஜிஎஸ் என்ற மாடலில், வடிவமைப்பாளர் தனகா தாரோ வகுத்த இலக்கணம் முழு உருவம் பெற்றது. பரப்புகள் தட்டையாக, விளிம்புகள் கூர்மையாக, மெருகு கண்ணாடி போல இருக்கவேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒளி ஓரிடத்தில் மின்ன, அடுத்த இடம் இருளவேண்டும். சுழலும் தகட்டில் கையால் பிடித்து மெருகேற்றும் அந்த வேலைக்கு 'சரட்சு' என்று பெயர். வைரம் இல்லை, தங்கம் இல்லை. வெறும் எஃகுதான். அதன் விலை அந்தக் கைகளின் விலை. 2021இல் ஜெனீவாவில், சுவிட்சர்லாந்தின் சொந்த மண்ணில், ஆண்கள் கைக்கடிகாரத்துக்கான பரிசை வெள்ளை பூர்ச்ச மரப்பட்டை போல டயல் செய்த ஒரு கிராண்ட் சீக்கோ வாங்கியது.

படகு

ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே 1894 முதல் படகு ஓடுகிறது. 1985இல் பாலம் வந்தபிறகும் நிற்கவில்லை. காரையும் ஆளையும் சேர்த்து ஏற்றிய பழைய இரண்டடுக்குப் படகுகள் ஓய்ந்து, 2023 ஆகஸ்டிலிருந்து குளிர்சாதனம் போட்ட புதுப் படகுகள் ஓடுகின்றன. காற்று வாங்க முடியவில்லை என்று பழையவர்கள் குறைப்படுகிறார்கள். எனக்கும் அந்தக் குறை நியாயமாகவே பட்டது.

உட்கார்ந்த இடத்திலிருந்து மற்றவர் மணிக்கட்டுகளைப் பார்த்தபடி வந்தேன். இளைஞர்களுக்கு ஸ்மார்ட் வாட்ச். தொழிற்சாலைச் சீருடை போட்ட பையன்களுக்குக் கறுப்பு ஜி-ஷாக். எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெரியவர் கையில் தேய்ந்து வழவழத்துப்போன எஃகுச் செயினோடு ஒரு சிட்டிசன். அவர் அதைப் பார்த்து நேரம் தெரிந்துகொண்டபிறகும் கையைக் கீழே இறக்காமல் செயினைத் தடவிக்கொண்டிருந்தார். மலைப்பக்கம் பின்னால் போக, கிரேன்களும் சரக்குப் பெட்டிகளுமாகப் பட்டர்வொர்த் வந்துவிட்டது.

பட்டர்வொர்த்

சுற்றுலா வருகிறவர்கள் பட்டர்வொர்த்தில் நிற்பதில்லை. ரயிலிலிருந்து இறங்கிப் படகைப் பிடிப்பதோடு சரி. துறைமுகம், ரயில்வே, வரிசை வீடுகள், கோயில், கோப்பிக் கடை என்று உழைக்கிறவர்களின் ஊர் இது.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். 'வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா?' கேள்விக்குப் பதில் வருமுன் அத்தை மீ கோரிங் தட்டை வைத்துவிட்டார். சாப்பாடு முடிந்து கை துடைத்தபிறகுதான் வாட்ச் வந்தது.

எஸ்பிஜிஏ211. சேகரிப்பவர்கள் 'ஸ்னோஃப்ளேக்' என்பார்கள். கையில் வாங்கியதும் எடையே தெரியவில்லை. டைட்டானியம், செயினோடு சேர்த்து நூறு கிராம்தான். டயலில் வெள்ளைப் பெயிண்ட் கிடையாது. தகட்டில் நுண்ணிய மேடுபள்ளம் அழுத்தி, மேலே வெள்ளி முலாம் பூசியிருக்கிறார்கள். ஜன்னலருகே கொண்டுபோனால் காற்றடித்து அலையலையாக உறைந்த பனி தெரிகிறது. அதன்மேல் நீலமாகச் சுட்டெடுத்த ஒற்றை நொடி முள். அது துள்ளுவதில்லை, டிக்டிக் என்பதில்லை. வட்டத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது.

ஸ்பிரிங் டிரைவ் என்ற இயந்திரம் அது. மாமா தொழிற்சாலையில் இருந்தவர் என்பதால் விளக்கும்போது குரலே மாறிவிட்டது. சாவிச் சுருள்தான் சக்கரங்களை ஓட்டுகிறது, பேட்டரி கிடையாது. கடைசிச் சக்கரம் நொடிக்கு எட்டு முறை சுற்றும்போது துளி மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடித்து வேகத்தை அளக்கிறது. சக்கரம் வேகமெடுத்தால் காந்தம் பிரேக் பிடிக்கிறது. மாதத்துக்குப் பதினைந்து நொடிக்கு மேல் பிசகாது. அகஹானே யோஷிகாசு என்ற பொறியாளருக்கு 1977இல் தோன்றிய யோசனை. அறுநூறுக்கு மேல் மாதிரிகள் செய்து பார்த்து, 1999இல்தான் கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் போய்விட்டார்.

'அந்த மனுசன் இதைக் கட்டவே இல்லை தம்பி' என்று மாமா சொன்னபோது, நேரில் பழகிய ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

எண்பதுகளில் பயிற்சிக்காக நாகானோவில் இருந்திருக்கிறார். பனியை முதன்முதலில் அங்கேதான் பார்த்தாராம். இந்த வாட்ச் உருவாவதும் அதே மாநிலத்தில், ஷியோஜிரியில். பயிற்சியில் முதல் வாரம் முழுக்க ஒரே ஒரு திருகாணியை ஒரே அழுத்தத்தில் முடுக்கப் பழக்கினார்களாம். வாட்சைத் திருப்பிப் பின்பக்கக் கண்ணாடி வழியே ஒரு திருகாணித் தலையைக் காட்டினார். பிளவின் ஓரத்தில்கூட மங்கல் இல்லை. 'இதைச் செஞ்சவன் எப்படிப் பழகியிருப்பான்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் காசு கொடுத்தேன்.' ஊழியர் சேமநிதியில் ஒரு பகுதி. அத்தைக்குச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தாராம்.

பிறகு அவர் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. பிறையாற்றுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். விடியுமுன் மணியடித்தால் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு ஓடவேண்டும். தோட்டத்தில் வாட்ச் கட்டியவர்கள் துரையும், கிராணி எனப்படும் கணக்கரும்தான். மற்றவர்களுக்கு மணிச்சத்தமே நேரம். ஜப்பான் காலத்தில் அவரைச் சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம். தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டில் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். அவர் திரும்பி வந்தார், கூடப் போன அண்ணன் வரவில்லை.

ஜப்பானிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது மாமா அப்பாவுக்கு ஒரு சீக்கோ வாங்கி வந்தார். 'அப்பா அதைத் தொடவே இல்லை. திட்டவும் இல்லை. மேசைமேல வச்சேன், மேசைமேலயே இருந்துச்சு.' கடைசிவரை கட்டவில்லையாம். அந்த வாட்ச் இப்போதும் மாமாவிடம் இருக்கிறது. அதை அவரும் கட்டுவதில்லை. அப்பாவின் மறுப்பும் சரி, தன் விருப்பமும் சரி என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பிடுங்கியவனின் நாடு வேறு, அந்தத் திருகாணியை முடுக்கியவனின் கை வேறு என்று ஒரு தலைமுறை கழித்துப் பார்க்க முடிகிறது. அந்தத் தலைமுறையிடமே அதைக் கேட்பது அநியாயம்.

பிறை

கல்யாண விருந்து பிறையில் ஒரு மண்டபத்தில். மலேசியாவில் ஆண்களின் மரியாதை உடைக்கு ஒரு வசதி உண்டு. முழுக்கைப் பாத்தேக் சட்டை போட்டால் கோட்டு சூட்டுக்கு நிகராக ஏற்றுக்கொள்கிறார்கள். இந்தப் புழுக்கத்தில் அது புத்திசாலித்தனம். மண்டபத்தில் பாத்தேக், பட்டு வேட்டி, ஜிப்பா, கோட்டு எல்லாம் கலந்திருந்தன.

மாமா சாம்பல் நிறக் கோட்டில் வந்தார். கையை நீட்டினால்தான் வாட்ச் தெரிகிறது, மடக்கினால் உள்ளே போய்விடுகிறது. அந்த வாட்ச் பன்னிரண்டரை மில்லிமீட்டர் கனம், இறுக்கமான கைப்பட்டிக்குள் போகாது. அதனால் தையற்காரரிடம் சொல்லி இடது கைப்பட்டியை மட்டும் கால் அங்குலம் தளர்த்தித் தைத்திருக்கிறார். கோட்டுக்கு மெல்லிய, கைக்குச் சாவி கொடுக்கும் தோல்வார் வாட்ச்தான் முறை என்பது அவருக்குத் தெரியும். கிராண்ட் சீக்கோவிலேயே 37 மில்லிமீட்டரில் தந்த நிற டயலோடு அப்படி ஒன்று இருக்கிறது. 'தோல்வார் இங்கே ஒரு மழைக்காலம் தாங்காது' என்றார். பட்டு வேட்டிக்கு மறைக்கக் கையே இல்லை. அங்கே வாட்ச் முழுதாகத் தெரியும். அதனால்தான் சின்னதாக, அமைதியாக இருக்கவேண்டும். மாப்பிள்ளையின் வலது மணிக்கட்டில் காப்புக்கயிறு, இடதில் பெரிய தங்க முலாம் வாட்ச். படமெடுக்கும்போதெல்லாம் விளக்கு அதில் பட்டுக் கண் கூசியது.

பக்கத்து மேசைக்காரர் மாமாவின் கையைப் பார்த்து, 'இவ்வளவு வேலை பார்த்துட்டு சீக்கோதானா?' என்று சிரித்தார். மாமா ஆட்டிறைச்சிப் பிரட்டலை அவர் பக்கம் நகர்த்தினார், விலையைச் சொல்லவில்லை. 2017 முதல் டயலில் 'கிராண்ட் சீக்கோ' என்ற பெயர் மட்டும் வருகிறது. அதற்குப் பிறகும் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

நம் ஊரிலும் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவது வழக்கம். ஒரு காலத்தில் அது எச்எம்டி. 1961இல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் செய்யத் தொடங்கியது சிட்டிசன் நிறுவனத்திடம் தொழில் கற்றுத்தான் என்பதால், நம் தாத்தாக்களின் கல்யாண வாட்சிலும் பாதி ஜப்பான் இருந்தது. பிறகு ஓசூரிலிருந்து டைட்டன் வந்தது. இப்போதோ படத்தில் பளிச்சென்று தெரிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குகிறோம். நாலு வருடத்தில் முலாம் உரிந்து அது பீரோவின் மூலைக்குப் போகிறது.

கல்யாணம் வைத்திருக்கும் வீட்டார் ஒன்று செய்யுங்கள். கிராண்ட் சீக்கோவுக்குப் போகவேண்டியதில்லை, உங்கள் கைக்கு எட்டும் விலையே போதும். ஆனால் பின்மூடியைத் திறந்து பழுது பார்க்கக்கூடிய, வேட்டிக்கும் கோட்டுக்கும் ஒத்துப்போகிற ஒரு சின்ன வாட்சாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். கொடுக்கும்போது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்லுங்கள், தினமும் கட்டச் சொல்லுங்கள்.